தளிர் வெட்டாத வருஷம்

ஜப்பானின் கினாஷி ஊரில் ஜூன் பிறந்தால் வீட்டுக்கு வீடு கத்தரிச் சத்தம்தான். போன்சாய்த் தொட்டியில் நிற்கும் கரும்பைன் மரத்தின் இளந்தளிரை இப்போது வெட்டிவிட்டால், இலையுதிர் காலக் கண்காட்சிக்குள் குட்டை ஊசியிலைகளோடு புதுத் தளிர் வந்துவிடும். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற தோகுஜிக்கு மட்டும் வெட்ட வழியில்லை. தன் மரத்தை இந்த வசந்தத்தில்தான் வேர் நறுக்கித் தொட்டி மாற்றியிருந்தார். அதே வருஷம் தளிரையும் வெட்டினால் மரம் தாங்காது. முன்பு ஒரு மரத்தை அப்படித்தான் சாகடித்தார்.

தெரிந்தும், காலையிலிருந்து கத்தரியும் கையுமாகத் தன் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஒண்ணே ஒண்ணு வெட்டினா என்ன ஆயிடும்?"

"செத்துப்போச்சே ஒரு மரம், அதுலயும் ஒண்ணுலதான் ஆரம்பிச்சீங்க," என்றாள் மனைவி ஹருயோ, ஊதோன் நூடுல்ஸுக்குப் பிசைந்த மாவைத் துணியில் சுற்றிக் காலால் மிதித்துக்கொண்டே. "வந்து மாவ மிதிங்க. காலாவது அடங்கும்."

"அப்ப கண்காட்சிக்கு என்னத்தக் கொண்டு போறது?"

"உங்களத்தான் தொட்டில வச்சுக் கொண்டுபோகணும். நல்லா வளைஞ்சுதான இருக்கீங்க."

அவர் சிரிக்கவில்லை. கத்தரியைத் தளிரில் வைத்தார், எடுத்தார். மறுபடி வைத்தார். பிறகு விறுவிறுவென்று பக்கத்து வீட்டுக்குப் போனார். அந்த வீட்டு ஓரிதா தன் மரங்களின் நடுவே தளிர் வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நகருங்க, நான் வெட்டுறேன்."

"உங்க மரம் என்னாச்சு?"

"அதுக்கு இந்த வருஷம் வேலையில்ல."

தன் வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தார். ஓரிதா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் தொடாமல் அடுத்த தொட்டியை இழுத்துக்கொண்டார்.