அவர் நம்ப மறுத்த துப்பறியும் கதை

தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த பசறையில் மாதந்தோறும் கூடும் எங்கள் வாசகர் வட்டத்துக்கு அவர் ஒருமுறைதான் வந்தார். ஐம்பது வயதிருக்கும் பெண், கொழுந்து பறித்துக் கறை ஏறிய விரல்கள். பேசுகிறவரின் வாயையே உற்றுப் பார்ப்பது அவர் வழக்கம் போலும்.

அன்று நாங்கள் பேசியது ஒரு துப்பறியும் நாவலைப் பற்றி. நடுத்தர வயதுப் பெண்ணொருத்தி வீடு வீடாகப் போய்த் தேநீர் குடித்தபடியே கொலைகாரனைக் கண்டுபிடிக்கிறாள். மனதுக்கு இதமான கதை என்றார்கள் எல்லோரும்.

"நீங்க சொல்லுங்கக்கா, நம்புற மாதிரி இருக்கா?" என்றார் ஓர் ஆசிரியர்.

"கேட்டதும் சொல்லிடுறாங்களே சார், அதைத்தான் நம்ப முடியல. என் தங்கச்சி செத்தப்ப நானும் எங்க தோட்டத்து லயத்துல வீடு வீடா கதவு தட்டிக் கேட்டேன். வழுக்கி விழுந்துருச்சுன்னாரு அவ புருஷன். ஒரே வரிசை வீடுங்க, காம்பராவுக்குக் காம்பரா ஒத்தச் சுவருங்க, இருமினாலே கேக்கும். அன்னைக்கு மட்டும் யாருக்கும் ஒண்ணும் கேக்கலயாம்."

"ஏன்?"

"அவரு கங்காணிங்க. காலையில பெரட்டுல எல்லாரையும் நிக்க வச்சு எங்களுக்கு வேலை பிரிச்சுக் குடுக்கிறது இன்னமும் அவருதான்."

வட்டத்தின் குறிப்பேட்டில் கருத்துகளைத் தேதியிட்டு எழுதிவைப்பவன் நான். பேனாவை எடுத்ததும், "என் பேரு வேணாங்க" என்றார்.

பெயரை எழுதவில்லை. பயத்தில், அவர் சொன்னதையும் எழுதவில்லை. அந்தத் தேதியின் கீழ், கதை எல்லோருக்கும் பிடித்திருந்தது என்றே இருக்கிறது.