கொட்டாஞ்சேனைக்கு ஒரு கேள்வி நடை

போன வெள்ளி இரவு நான் வவுனியாவிலிருந்து கொழும்பு போனதற்கு ஒரே காரணம் நிர்மலா. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிப்பிக்கும் என் பழைய தோழி. ஆண்டுதோறும் மாணவர்களை வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு அழைத்துப் போவாள். பாடம் இவ்வளவுதான்: நட, பார், முடிவில் உனக்குள் எழுந்த ஒரு கேள்வியைச் சொல். பதில் தேவையில்லை. இம்முறைதான் கடைசியாக இருக்கும் போல, வந்து பார் என்று கூப்பிட்டிருந்தாள்.

தர மதிப்பீட்டுக் குழு வருகிறதாம். ஒவ்வொரு வகுப்பிலும் மாணவர் எதைக் கற்பார் என்பதைக் 'கற்றற்பேறு' என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். திங்களுக்குள் எழுதாவிட்டால் இந்த நடை பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்படும். என்ன கேள்வி வரும் என்று தெரிந்தால் இவள் ஏன் வெயிலில் நடக்கிறாள்?

சனிக்கிழமை காலை ஏழரைக்கு வெள்ளவத்தையில் ரயில் ஏறினோம். இடப்பக்கம் இருங்கள், கடல் கூடவே வரும். கோட்டை நிலையத்துக்கு இருபது நிமிடம். அங்கிருந்து புறக்கோட்டை, செட்டியார் தெரு வழியாகக் கொட்டாஞ்சேனைக்கு ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் நடை. மூட்டை வண்டி இழுக்கும் நாட்டாமைகள் என்ற சுமைதூக்கிகளுக்கு வழிவிடாமல் நின்று இரண்டு தடவை திட்டு வாங்கினேன், சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று.

கொட்டாஞ்சேனையில் ஒழுங்கை என்று சொல்லும் ஒரு குறுகிய சந்தின் முனையில், தேநீர்க் கடை நிழலில் கேள்விகள் தொடங்கின. ஒவ்வொன்றும் அச்சடித்தது போல வந்தது. "துறைமுக விரிவாக்கம் நகர்ப்புற வறியோரில் ஏற்படுத்தும் தாக்கம் யாது?" என்று ஒரு பையன் மூச்சு விடாமல் சொன்னான். நிர்மலாவின் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

கடைசியாக ஜெனிட்டா என்ற மாணவி. கையிலிருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"மிஸ், நாங்க எல்லாரும் ஹொஸ்டல்ல கூடி இருந்து பாடமாக்கிட்டு வந்தோம். கேள்வி நல்லா இருந்தா உங்கட வகுப்ப நிப்பாட்ட மாட்டாங்கன்னு நெனச்சோம்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. ஆனால் எவ்வளவு அன்பான குரங்கு! நிர்மலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி பிள்ளை. உம்மட சொந்தக் கேள்வி என்ன?"

ஜெனிட்டா ஒழுங்கையைப் பார்த்தாள். "இது நான் பொறந்த ஒழுங்கை மிஸ். காலையில இருந்து எல்லாரும் படம் எடுக்கிறாங்க. எங்கிட்ட ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல்லயே, ஏன்?"

சற்று முன் மூச்சு விடாமல் பேசிய பையன் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, "உங்கட வீடு எது?" என்று மெதுவாகக் கேட்டான். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் ஜெனிட்டாதான் எங்களை நடத்திக்கொண்டு போனாள்.

திரும்பும்போது, வெள்ளவத்தைக்குப் போகும் பஸ்ஸில் நிர்மலா கற்றற்பேற்றை எழுதிக் காட்டினாள்: 'மாணவர் தாம் தயாரித்து வந்த கேள்வியைக் கைவிடுவர்.' குழு ஏற்குமா என்று அவளுக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அவளை நினைத்து நான் பெருமைப்பட்டேன் என்பதுதான்.

போகிறவர்களுக்கு: ஒன்பது மணிக்கு முன் புறக்கோட்டையைக் கடந்துவிடுங்கள். தொப்பியும் தண்ணீரும் வேண்டும். கமெராவை எடுக்குமுன், கூட வந்தவர்களில் அந்த ஊர்க்காரர் யாரென்று விசாரியுங்கள்.