கரண்ட் போனால் போனும் போகும்

அந்த அட்மின் மேனேஜருக்கு நான் சொன்னது புரியவில்லை என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நன்றாகவே புரிந்தது. புரிந்துதான் செய்தார்.

ஒரகடத்தில் வண்டிகளுக்குப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அப்போது நான் டெலிபோன் டெக்னீஷியன். கம்பெனி ஆள் இல்லை, கான்ட்ராக்ட். எக்ஸ்சேஞ்ச் பெட்டியும், அதிலிருந்து ஒவ்வொரு ஷெட்டுக்கும் ஓடும் கம்பிகளும், சுவரில் தொங்கும் பழைய பட்டன் போன்களும் என் பொறுப்பு. செல்போனை உள்ளே விடமாட்டார்கள். கேட்டிலேயே வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். அதனால் உள்ளே இருப்பவர்களுக்கு அந்தச் சுவர் போனை விட்டால் வேறு வாய் கிடையாது.

வல்லக்கோட்டை போகும் ரோட்டில் கம்பெனியின் குடோன் இருந்தது. பேக்கிங் முழுக்க அங்கேதான், வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ரோட்டை அகலப்படுத்த பொக்லைன் வந்து தோண்டும்போதெல்லாம் குடோனுக்குப் போகும் டெலிபோன் கேபிள் அறுந்தது. நான் போய் ஒட்டுவேன், மறுபடி அறுந்துபோகும். கடைசியில் மேனேஜர் கூப்பிட்டார்.

"ஏம்மா, கம்ப்யூட்டருக்குன்னு குடோனுக்கு கம்பத்து மேல ஃபைபர் போட்டிருக்கோமே, போனையும் அதுலயே அனுப்ப முடியாதா?"

முடியும். எக்ஸ்சேஞ்ச் பக்கம் ஒரு சின்னப் பெட்டி, குடோனில் ஒரு பெட்டி. ஒன்று குரலை டேட்டாவாக்கி ஃபைபரில் அனுப்பும். இன்னொன்று அதைத் திரும்பக் குரலாக்கிப் பழைய போனுக்கே கொடுக்கும். போனும் மாறாது, நம்பரும் மாறாது. ஒன்றை மட்டும் அவர் எதிரில் உட்கார்ந்து நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

"சார், இதுவரைக்கும் கரண்ட் போனாலும் போன் வேலை செஞ்சுது. எக்ஸ்சேஞ்ச் ரூம் பேட்டரிலேர்ந்து கம்பி வழியா கரண்ட் வந்துடும். ஃபைபர்ல அது வராது. குடோன்ல கரண்ட் போச்சுன்னா பெட்டி நின்னுடும், அத்தனை போனும் செத்துடும். பெட்டிக்குன்னு தனியா ஒரு யூபிஎஸ் இருந்தே ஆகணும்."

"புரியுதும்மா. ஜெனரேட்டர் வேற அங்க இல்ல. வாங்கிடலாம்" என்றார். வாங்கியும் கொடுத்தார்.

பெட்டியை மாட்டி முடித்த அன்று பேக்கிங்கில் இருந்த ஒரு பெண் வந்து ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டாள். வல்லக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம், கல்யாணம் ஆகி ஒரு வருஷம்தான். மெயின் பில்டிங் கேன்டீன் நம்பரைப் போட்டு, "அண்ணே, இன்னிக்கு இன்னா கொழம்பு?" என்று கேட்டாள். பதில் ஒரு நொடி தாமதமாக வந்தது. "யோசிச்சு யோசிச்சு பேசுதுக்கா உன் பெட்டி" என்று சிரித்தாள். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கும் அன்று சந்தோஷமாக இருந்தது.

சில மாதங்கள் கழித்து ஒரு மதியம் என் ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். குடோனில் ஒரு பெண்ணுக்கு அடிபட்டுவிட்டது, போன் வேலை செய்யவில்லை, நம் பெட்டி ஃபெயில் என்று மேனேஜர் கத்துகிறார் என்றார்கள்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேராகக் குடோனுக்குப் போனேன். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் கீழே யூபிஎஸ் இருந்த இடம்தான் காலி. பெட்டியின் ஒயரைச் சுவர் பிளக்கில் செருகியிருந்தார்கள்.

"இதுல இருந்த யூபிஎஸ் எங்கண்ணே?" என்று செக்யூரிட்டியைக் கேட்டேன்.

"பஞ்சிங் மிஷினுக்கு எடுத்துகினு போய்ட்டாங்க மேடம். கரண்ட் போனா அட்டெண்டன்ஸ் நிக்குதாம். சாரு வந்து நின்னுகினுதான் மாத்த சொன்னாரு."

நடந்ததைச் சொன்னது தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஓர் அக்கா. பேக்கிங்கில் அவர்தான் மூத்தவர். கரண்ட் போனதும் ஜன்னல் இல்லாத அந்தத் தகர ஷெட் இருட்டாகிவிட்டது. பாகங்கள் நிரப்பி அடுக்கியிருந்த கிரேட்டுகள் சரிந்து ஒரு பெண்ணின் கை அடியில் மாட்டிக்கொண்டது. குழம்பு கேட்டாளே, அவள்தான். முதலுதவி வண்டி மெயின் பில்டிங்கில். இவர்கள் ஒவ்வொரு போனாக எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கேட் போனும் அதே பெட்டிதான், அதுவும் சத்தமில்லை. லாக்கர் சாவியை சூப்பர்வைசர் கையோடு மெயின் பில்டிங்குக்குக் கொண்டுபோயிருந்தார்.

"அவ கத்துதா, கையெல்லாம் ரத்தம். நான் ரோட்டுக்கு ஓடி ஒரு ஷேர் ஆட்டோவ மறிச்சேன். அதுக்குள்ள அவ மயங்கிட்டா. ஆஸ்பத்திரில சேத்துட்டு இப்பதான் வாரேன்" என்றார். அவர் சேலையில் ரத்தம் காய்ந்திருந்தது.

நேராகப் போய்ப் பஞ்சிங் மிஷினின் ஒயரைப் பிடுங்கினேன். யூபிஎஸ்ஸைத் தூக்கிவந்து பெட்டிக்குக் கொடுத்தேன். அதற்குள் மேனேஜர் காரில் வந்து இறங்கினார்.

"யாரைக் கேட்டு அதைக் கழட்டின?"

"நீங்க யாரைக் கேட்டு சார் இதைக் கழட்டினீங்க? கரண்ட் போனா போன் செத்துடும்னு சொன்னேனா இல்லையா?"

"எப்பவோ ஒருதடவை போற கரண்டுக்கு இவ்ளோ பேச்சா? டெய்லி பஞ்சிங் தகராறு யார் பாக்கறது?"

அதைக் கேட்டதும் என் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது. ஆள் உள்ளே வந்த கணக்கு நிற்கக் கூடாது, உள்ளே விழுந்தவளுக்கு உதவி நிற்கலாம். அந்த மனிதர் எடைபோட்டுப் பார்த்து எடுத்த முடிவு அது.

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் உள்ளே போகவில்லை. குடோன் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். சரிசெய்துவிட்டேன் என்று காட்ட என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். "போன் ரெடி, உள்ள போங்க" என்றார் மேனேஜர்.

தென்காசி அக்காதான் பேசினார். "மெயின் சுவிட்ச அமத்துங்க. போன் அடிக்கான்னு பாத்துட்டு வாரோம்."

"லோடு போகணும்மா."

"போவட்டும். அமத்துங்க."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். வேறு வழியில்லாமல் செக்யூரிட்டியை அனுப்பி சுவிட்சை அணைக்கச் சொன்னார். ஷெட் இருண்டது. சொல்லிவைத்தபடி மெயின் பில்டிங்கிலிருந்து கூப்பிட்டார்கள், கேட்டில் இருந்த சுவர் போன் அடித்தது. அக்கா எடுத்து "ஹலோ" சொல்லிவிட்டு ரிசீவரை மேனேஜரிடம் நீட்டினார். "நீங்களும் பேசிப் பாருங்க சார்." அவர் வாங்கிக் காதில் வைத்தார். முகம் கறுத்திருந்தது. அதன்பிறகுதான் அவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

அடிபட்டவளுக்கு இரண்டு விரல்கள் இன்னும் மடங்குவதில்லை. பேக்கிங் வேலை முடியாது என்று மெயின் பில்டிங்கில் பாகங்களைக் கண்ணால் பார்த்துப் பிரிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். மரியாதை இல்லாமல் பேசினேன் என்று என்னை அந்த சைட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். மேனேஜர் அதே நாற்காலியில்தான் இருக்கிறார்.

இப்போது இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் வேலை. எங்கே இந்தப் பெட்டியை மாட்டினாலும், முடித்ததும் அங்கே வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டு, அவர்கள் கண்ணெதிரே கரண்டை அணைக்கச் சொல்கிறேன். ஆபீசர்கள் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.