எட்டரை அக்காவின் ஒன்பது பூஜ்யங்கள்

மழைக் குழுவில் என் மனைவிக்கு 'எட்டரை அக்கா' என்று பெயர். காலை சரியாக எட்டரைக்கு மொட்டைமாடியில் இருக்கும் மழைமானியைப் பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் என்று போனில் குழுவுக்கு அனுப்புவாள். எட்டு இருபத்தொன்பதும் கிடையாது, எட்டு முப்பத்தொன்றும் கிடையாது. எனக்கு அந்தக் குழுவைக் கண்டாலே ஆகாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நல்லவன் வேஷம் போட்டேன் என்று பிறகு யாரும் சொல்லக் கூடாது.

அவளுக்கு ஒரு பெரிய விடுதியின் சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்பு, தலையணை உறை, துவாலை. உலர்த்தும் இயந்திரம் வருவதற்கு முன்பு அத்தனையும் மாடிக் கொடியில்தான் காய வேண்டும். மேற்பார்வையாளர் தினமும் இவளைப் பார்த்து, "இன்னைக்கு வருமா, வராதா?" என்று கேட்பார். இவள் என்ன கடலுக்குச் சொந்தக்காரியா? ஒருநாள் "வராது" என்று சொல்லப்போய், இருநூறு விரிப்பு தொப்பலாக நனைந்தது. எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கிக்கொண்டு, மூக்கைச் சிந்தியபடி வீட்டுக்கு வந்தாள். அடுத்த வாரமே ஒரு மழைமானியை வாங்கி மாடியில் நட்டாள்.

பத்தாம் வகுப்போடு நின்றவள். காற்றழுத்தம், ஈரப்பதம், எல் நினோ என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நாளில் இயந்திரம் வந்துவிட்டது. வருமா வராதா என்று கேட்க ஆளில்லை. இவள் மட்டும் விடவில்லை.

அப்புறம் அந்தக் குழு வந்து சேர்ந்தது. மருந்துக் கடைக்காரர் ஒருவர், மாத்திரை எடுக்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் ரேடார் படத்திலேயே கண்ணாக இருப்பார். அவர் பெயரே 'ரேடார்'. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், 'கணக்கு சார்'. அவர்தான் தலைவர் மாதிரி. இன்னும் நாற்பது ஐம்பது பேர். எங்கோ நடுக்கடலில் ஒரு சுழற்சி உருவானால் போதும், இவர்களுக்குத் தலைகால் புரியாது. ஒரு கணிப்பு வடக்கே போகும் என்று சொல்லும், இன்னொன்று தெற்கே என்று சொல்லும். இவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுவார்கள். கடைசியில் அது பாட்டுக்குக் கடலிலேயே கரைந்து போகும். சமையலறையில் இவள் தனியாகச் சிரிக்கிற சத்தம் கேட்கும். நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். பகல் முழுக்க இருட்டுக் குழிக்குள் தொங்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், என்னைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்ததில்லை. பொறாமைதான். மேகத்தைப் பார்த்து ஒரு மனுஷன் பொறாமைப்படுவானா என்றால், பட்டேன்.

அவளிடம் ஒரு நீள நோட்டு உண்டு. தேதிக்கு ஒரு வரி. மழை இல்லாத நாளில் பூஜ்யம் எழுதுவாள். பார்க்க முடியாமல் போனால் ஒரு சின்னக் கோடு போட வேண்டும் என்பது சட்டம். ஆனால் பதினாறு வருஷத்தில் ஒரு கோடுகூட விழுந்ததில்லை. காய்ச்சலோடு ஏறியிருக்கிறாள், கால் சுளுக்கோடு ஏறியிருக்கிறாள்.

"ரெண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?" என்று ஒருதரம் கேட்டேன்.

"பூஜ்யம்னா, போய்ப் பார்த்தேன், இல்லைன்னு அர்த்தம். கோடுன்னா, பார்க்கலைன்னு அர்த்தம். பார்க்காம இல்லைன்னு சொல்லக் கூடாது, அவ்வளவுதான்."

பதினாறாவது வருஷம் அவளுக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷன், ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. உள்ளே கொண்டுபோவதற்கு முன்பு தன் போனை என் கையில் கொடுத்தாள். "காலைல குளிக்க வீட்டுக்குப் போவீங்கல்ல, அப்படியே மாடிக்கு ஏறிப் பார்த்துடுங்க. முடியலைன்னா கோடுன்னு போட்டுடுங்க. பூஜ்யம் மட்டும் போட்டுடாதீங்க."

அடுத்த நாள் காலை அவளுக்கு மயக்கம் முழுதாகத் தெளிந்தது. இரவெல்லாம் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான் குனிந்து முகத்தைப் பார்த்தேன். ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தேன். உதடு அசைந்தது.

"எட்டரை ஆயிடுச்சா? எவ்வளவு?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஆச்சு. பூஜ்யம்," என்றேன். கேன்டீனில் உட்கார்ந்து அவள் போனிலேயே 0.0 என்று அனுப்பிவிட்டேன். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. வீட்டுக்குப் போனேன், குளித்தேன், வந்தேன். மாடிக்கு இருபத்திரண்டு படி. ஒருநாள்கூட ஏறவில்லை.

ஐந்தாம் நாள் காலையும் வழக்கம்போல அனுப்பியாயிற்று. ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு தூறல்கூட இல்லை. பத்து மணிக்குப் பேருந்தில் இறங்கினால் எங்கள் தெருவில் கணுக்கால் வரை தண்ணீர். அதற்குள் ரேடார் குழுவில் கேட்டிருந்தார்: "அக்கா, விடியக்காலையில ரேடார் படத்துல உங்க ஏரியா மேல செக்கச்செவேல்னு இருந்துச்சே, நிஜமாவே பூஜ்யமா?"

அப்போதாவது தப்பு நடந்துவிட்டது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதினால் ஐந்து நாளாக மாடியே ஏறாதது அம்பலமாகும், அவள் காதுக்குப் போகும். அவள் பெயரில், அவள் போனில், "இங்க ஒரு சொட்டுகூட இல்ல சார்" என்று பதில் போட்டேன். பிறகு முதல் தடவையாக அந்த இருபத்திரண்டு படியும் ஏறினேன். மழைமானியைக் கழற்றி, எவ்வளவு என்றுகூடப் பார்க்காமல், மாடியிலேயே கவிழ்த்தேன். மிச்ச நாலு நாளும் அதே பூஜ்யம். வீட்டுக்கு வந்ததும் அவள் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்து, போனைப் பார்த்து ஒன்பது பூஜ்யத்தையும் அழகாக நோட்டில் ஏற்றினாள். "பரவாயில்லையே, ஒரு நாள்கூட விடலையே நீங்க," என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். குழுவைப் பார்த்துச் சிரிப்பாளே, அதே சிரிப்பு. நான் அதையும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

மூன்று வருஷம் ஓடிற்று. வானிலை அலுவலகம் ஒரு மழை வரைபடம் போடப்போவதாகவும், தனியாட்கள் எடுத்து வைத்த அளவுகளில் நம்பகமானவற்றைச் சேர்த்துக்கொள்ளப்போவதாகவும் சேதி வந்தது. குழுவில் எல்லோரும் ஒரே குரலாக எட்டரை அக்கா பெயரைத்தான் சொன்னார்கள். பத்தொன்பது வருஷம், ஒரு கோடு இல்லை. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளரிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். நோட்டுக்குப் புது அட்டை போட்டாள். அவள் வாழ்க்கையில் ஒருவர் கேட்டு வாங்கிப்போன பொருள் அது ஒன்றுதான்.

சரிபார்க்கிற வேலை கணக்கு சாருடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு வீட்டுக்கு வந்தார். நான் கொடுத்த டீயைத் தொடவில்லை.

"ஒரு தேதி இடிக்குதும்மா. உங்களுக்கு வடக்கே ரேடார் வீட்டுல அறுபத்தொண்ணு. தெற்கே பள்ளிக்கூடத்துல எழுபத்துநாலு. நடுவுல நீங்க பூஜ்யம். ரேடார் அன்னைக்கே கேட்டிருக்காரு, ஒரு சொட்டுகூட இல்லன்னு எழுதியிருக்கீங்க."

அவள் தேதியைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. காத்திருந்தாள். வாயைத் திறந்து நாலு வார்த்தை சொன்னால் போதும், அது நான் சார் என்று. நான் ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு, "சூடு பண்ணிக் கொண்டுவர்றேன்," என்று சமையலறைக்குள் போனேன்.

அங்கிருந்து எல்லாம் கேட்டது.

"அந்த ஒன்பது நாளையும் அடிச்சிடுங்க சார். அது தப்பு. என் தப்பு."

"அடிக்கிறது பெரிசில்லம்மா. நோட்டுல அஞ்சாயிரத்துச் சொச்சம் பூஜ்யம் இருக்கு. ஒண்ணு பொய்யின்னா, மத்ததுல எது மெய்யின்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் இன்றுவரை அந்த ஆளைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சூடான டீயோடு நான் வெளியே வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. நோட்டு மேஜைமேல் இருந்தது.

அடிப்பாள், பாத்திரத்தை எறிவாள் என்று எதிர்பார்த்தேன். ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அதுல எவ்வளவு இருந்துச்சு?"

"பார்க்கலை. அப்படியே கவிழ்த்துட்டேன்."

"பொய் சொன்னதைக்கூட விடுங்க. பார்க்காமயா கொட்டினீங்க?"

அப்போதுதான் அவள் அழுதாள்.

குழுவில் யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. ரேடார் மட்டும், "உடம்பு சரியில்லாத நேரம் போல அக்கா, மனசுல வச்சுக்காதீங்க," என்று எழுதினார். அவள் பதில் எழுதவில்லை. அன்றோடு அளவு அனுப்புவதையும் நிறுத்திவிட்டாள். இப்போதும் எட்டரைக்கு ஏறுகிறாள், பார்க்கிறாள், எழுதுகிறாள். யாருக்கும் அனுப்புவதில்லை. அந்த ஒன்பது பூஜ்யத்தையும் அழித்து ஒன்பது கோடு போட்டிருக்கிறாள். அழித்த இடத்தில் தாள் தேய்ந்து, மறுபக்க எழுத்து தெரிகிறது.

என்னோடு பேச்சு நிற்கவில்லை. சாப்பிட்டீங்களா, சாவி எங்கே, கேஸ் தீர்ந்துவிட்டது, எல்லாம் உண்டு. போன மாதம் ஒருநாள் அவள் மாடியிலிருந்து இறங்கி வருகிற நேரம், படிக்கட்டில் வழிமறித்து நின்று கேட்டேன். குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

"இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியாச்சு. என் மேல உனக்குப் பாசம்னு ஒண்ணு மிச்சம் இருக்கா, இல்லையா? இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடு."

நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கினாள்.

"இல்லைன்னு எப்படிச் சொல்றது? நான் பார்க்கலையே," என்றாள். "கோடு போட்டுக்கோங்க."

வழிவிட்டேன். கீழே இறங்கிப்போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டிருந்தது.