கொழும்புக்குப் போகிற தூரம்

நாங்கள் குடியிருக்கும் வீடு என் மனைவியுடையது. கல்முனைப் பக்கத்தில் அது புதினமில்லை. கலியாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்குத்தான் போவான். நானும் அப்படித்தான் மருதமுனைக்கு வந்து சேர்ந்தேன். என்ன சமைப்பது, சுவருக்கு என்ன நிறம், யார் வீட்டுக் கலியாணத்துக்கு யார் போவது, எல்லாம் அவளுடைய முடிவு. எனக்கென்று விடப்பட்டது தூரம் மட்டும்தான். காலமெல்லாம் புவியியல் படிப்பித்தவன் என்பதால், எந்த ஊர் எங்கே இருக்கிறது, போக எவ்வளவு நேரம் எடுக்கும் என்று பேச்சு வந்தால் வீட்டில் எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் சொன்னதை யாரும் சரிபார்த்ததில்லை. அந்த நம்பிக்கையைத்தான் நான் கெடுத்தேன்.

மகள் கனடாவில், கல்கரியில் இருக்கிறாள். எங்கள் இருவருக்கும் விசா கிடைத்ததும், எல்லாரும் ஒரு வேனில் ரொக்கி மலைப் பக்கம் போய்வருவோம் என்று அவளும் மருமகனும் சொன்னார்கள். மருமகன் சாய்ந்தமருதுக்காரன். கடலைப் பார்த்து வளர்ந்தவன் கடல் இல்லாத ஊரில் போய் மாட்டிக்கொண்டான். அதனால் அங்கே ஆற்றில் மீன் பிடிக்கப் பழகியிருக்கிறான். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, நான் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தபோது, வீடியோ அழைப்பில் ஈ மாதிரி எதையோ விரல் நுனியில் வைத்துக் காட்டினான்.

“மாமா, இது என்ன, சொல்லுங்க பாப்பம்.”

“இலையான்.”

“இல்ல மாமா. கோழி இறகும் நூலும். உள்ளுக்குள்ள தூண்டில் முள்ளு இரிக்கி. இதத் தண்ணிக்கு மேல பறக்கிற மாதிரி வீசினா ட்ரவுட் மீன் ஏமாந்து பாயும்.”

பின்னால் நின்ற என் மனைவி கேட்டாள். “பிடிச்ச மீன எப்படிச் சமைப்பீங்க?”

“சமைக்கிறல்ல மாமி. கனக்க இடத்துல திருப்பி ஆத்துல விட்டுரணும். அதான் சட்டம்.”

அவள் சிரித்த சிரிப்பில் என் கையிலிருந்த தேத்தண்ணி தளும்பியது. “பொய் இலையானக் கட்டி, மீன ஏமாத்திப் பிடிச்சு, பிறகு போ எண்டு விடுறதா? அதுக்கா இவ்வளவு தூரம் போற?”

“ஆத்துக்குப் பேரே ‘போ’தான் மாமி” என்றான் அவன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கல்கரி நகருக்குள்ளால் ஓடும் ஆற்றின் பெயர் உண்மையிலேயே அதுதான்.

அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது. வகுப்பறைப் படத்தில் கபில நிறத்தில் பிரம்பால் காட்டிய மலையை நேரில் பார்க்கப் போகிறேன்; அதன் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மீன் பிடிக்கப் போகிறேன். பின்னேரங்களில் ஒரு நீளக் கம்பில் நைலோன் நூலைக் கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய் வீசிப் பழகினேன். தோணிகளின் பக்கத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் மரியாதைக்குக் கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்த்தார்கள். பிறகு ஒருவர் கேட்டார். “என்ன சேர், இலையான் கலைக்கிறீங்களா?” வியாபாரமில்லாத கடைக்காரனிடம் கேட்கிற கேள்வி அது. எனக்கும் சிரிப்பு வந்தது. செய்வதென்னவோ அந்த வேலைதானே.

பயணத்தை வரைவது என் பொறுப்பு. எந்த ஆற்றில் எந்த மீன், எங்கே இரவு தங்குவது என்று கைத்தொலைபேசியின் வரைபடத்தில் விரல் தேயத் தேய ஓடினேன். நாளுக்கொரு ஆறு என்று பயணம் நிரம்பிவிட்டது.

மனைவி கேட்டது ஒன்றே ஒன்று. “எனக்கு மலையும் வேணாம், மீனும் வேணாம். தங்கச்சிய ஒருக்காப் பாத்தாப் போதும்.”

அவளுடைய ஒரே தங்கை எட்மண்டனில் இருக்கிறாள். ஊரை விட்டுப் போனபின் இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை. தங்கையின் கணவர் படுக்கையில். அவரை விட்டுவிட்டு அவள் கல்கரிக்கு வர முடியாது. என் மனைவிக்கோ முழங்கால் நோவு. இன்னொரு முறை இப்படி ஒரு பயணம் அமையாது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். நாங்கள் போகாவிட்டால் அந்த இரண்டு பேரும் இனிப் பார்த்துக்கொள்ளப் போவதில்லை.

எட்மண்டன் வடக்கே. மலை மேற்கே. அங்கே போய் ஆறுதலாகத் தங்கினால் என் ஆறுகளில் பாதி போய்விடும். நான் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “அது கிட்டத்தட்ட இங்கயிருந்து கொழும்புக்குப் போற தூரம்.”

இது பொய்யில்லை. கிலோமீற்றரில் ஏறக்குறைய சரி. ஆனால் எங்கள் ஊரில் கொழும்புத் தூரம் என்றால் யாரும் கிலோமீற்றரை நினைப்பதில்லை. இராப் பஸ்ஸை நினைப்பார்கள்: விடிய விடியக் குலுங்கி, கால் வீங்கி இறங்குவதை. அவள் தன் முழங்காலைத் தடவினாள். “அப்ப ஏலாதான்” என்றாள். அங்கே அது நேரான பெருந்தெரு, மூன்று மணித்தியாலம் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

மகளுக்குத் தூரம் தெரியுமே. அவளிடம் வேறு கதை சொன்னேன். “உம்மாவுக்குக் கால் ஏலாதாம். சாச்சி வீட்டுக்குப் போறது வேணாம் எண்டுறா.” மகள் அதை அப்படியே எட்மண்டன் சாச்சியிடம் சொல்லிவிட்டாள். ஒரு வரைபடத்துக்காக இரண்டு பொய். தொழுகைக்குப் போய் முன் வரிசையில் நின்றேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஒரு காலை மனைவி பின்வாசலில் இருந்து பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கை ஈரமாக இருக்கும்போது அவளுக்கு வந்த குரல் பதிவுகளை நான்தான் போட்டுக் காட்டுவேன். தங்கையின் குரல் வந்தது.

“ராத்தா, கல்கரி மட்டும் வாறீங்களாம். அங்கயிருந்து மூணு மணித்தியாலம் இஞ்ச வர ஏலாமப் போச்சே. பரவாயில்ல, கால் நோவுக்கு என்ன செய்யிற. நல்லா இரிங்க.”

கத்தி நின்றது. “மூணு மணித்தியாலமா? கொழும்புத் தூரம் எண்டீங்க?”

தங்கை பிளேனில் வருவதைச் சொல்கிறாள் என்று ஒரு பதில் என் நாக்கு நுனி வரை வந்தது. அவள் நம்பியும் இருப்பாள். “பரவாயில்ல” என்று அந்தப் பிள்ளை சொன்ன விதம்தான் என்னைத் தடுத்தது.

“கார்ல மூணு மணித்தியாலம்தான். எனக்குத் தெரியும். மீன் பிடிக்கிற நாள் குறையும் எண்டு மறைச்சன். நீ வரமாட்டன் எண்டதா மகளுக்கும் நான்தான் சொன்னன்.”

அவள் ஒரு துண்டு வெட்டினாள். இன்னொரு துண்டு வெட்டினாள்.

“அப்ப கொழும்புத் தூரம் எண்டது பொய்யா?”

“தூரம் பொய்யில்ல. நேரம்தான் பொய்.”

“அப்ப அரைவாசி மார்க் போடலாம்.” அவள் சிரிக்கவில்லை. “நான் அவளுக்கு ஒண்டும் சொல்லமாட்டன். எடுங்க போன. நீங்களே சொல்லுங்க.”

அத்தனை வருடம் வகுப்பில் நின்று பேசியவன், பாடம் ஒப்புவிக்கிற பிள்ளை மாதிரி இரண்டு பொய்யையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் தங்கை கேட்டாள்.

“மச்சான், ஒரு மீனுக்காகவா?”

“ஓம் புள்ள. ஒரு மீனுக்காக. அதையும் பிடிச்சு விடத்தான் போறன்.”

முதலில் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். சிரிப்பு. அதைக் கேட்டு இங்கே இவளும் மீன்கையோடு சிரிக்கத் தொடங்கினாள். பிறகு போனைத் தன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் செருகச் சொன்னாள். அக்காவும் தங்கையும் கதைத்த கதையில் அன்றைக்குப் பகல் சோறு பின்னேர அஸர் தொழுகை நேரத்துக்குத்தான் கிடைத்தது.

இப்போது பயணத்தை வரைவது அவள். விமானத்தால் இறங்கி நேரே எட்மண்டன். எத்தனை நாள் தங்குவது என்பதை அங்கே போய் யோசிப்பாளாம். தங்கைக்குப் பாரைக் கருவாடு கொண்டுபோகலாமா என்று மகளிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறாள். மலைக்கு அதில் மிஞ்சுகிற நாட்கள்தான். நான் குறித்து வைத்த ஆறுகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தவள், கடைசியில் ஒன்றில் நிறுத்தினாள்.

“இந்த ஆத்துக்குப் பேர் என்ன சொன்னான் மருமகன்?”

“போ.”

“அப்ப போங்க. ஒரு நாள். அஸருக்கு முந்தித் திரும்பி வந்துரணும்.”