இறக்கி எடுத்த கணக்கு

கல்யாணமாகி ஓசூருக்கு வந்தபோது என் ஆராய்ச்சிக்கு மூன்றாம் வருடம். தினமும் பெங்களூருக்கு பஸ். ஓர் உலோகம் எப்போது மின்சாரம் கடத்தாத பொருளாக மாறும் என்பதுதான் என் பாடம். அணுவுக்கு ஓர் எலக்ட்ரான் இருக்கிறது. அது பக்கத்து அணுவுக்குப் போனால் அங்கே ஏற்கெனவே இருப்பதோடு சண்டை. கணக்கில் அந்தச் சண்டையின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் எல்லாம் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். பலரும் போட்டுப் பார்த்த கணக்குதான். ஆனால் நான் எடுத்துக்கொண்ட மாதிரியில் அந்த மாற்றம் சட்டென்று நிகழ்கிறதா, மெல்ல மெல்லவா என்று தெரியவில்லை. சட்டென்று என்று காட்டினால் ஆய்வேடு உண்டு, இல்லையென்றால் வேறு தலைப்பைப் பார் என்று கைடு சொல்லிவிட்டார். என் வரைபடமோ செங்குத்தா சரிவா என்று சொல்ல முடியாதபடி விழுந்து உயிரை வாங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கெலவரப்பள்ளி அணைக்குப் போவதாகப் பேச்சு. நான் கம்ப்யூட்டரை விட்டு எழவில்லை. என் வீட்டுக்காரர் மத்தூர்க்காரர். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பிரஷர் கேஜ்களைச் சரிபார்க்கும் வேலை. தலை சீவித் தயாராக நின்றவர் திரையை எட்டிப் பார்த்தார்.

"எறக்கற ரீடிங் எங்க?"

"என்ன ரீடிங்?"

"கீழ இருந்து ஏத்திக்கினே போயிருக்க. அப்படியே மேல இருந்து எறக்கியும் எடுக்கணும் இல்ல? ஏத்தற ரீடிங் மட்டும் வெச்சா எங்க இன்ஸ்பெக்டர் கையெழுத்தே போடமாட்டாரு."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இது கேஜ் இல்லை, கணக்கு. எந்தப் பக்கமிருந்து போட்டாலும் ஒரே விடைதான் என்று வெடுக்கென்று சொன்னேன்.

"அப்ப போட்டுக் காட்டு," என்றவர், வெளியே போகப் போட்டுக்கொண்ட சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு ராயக்கோட்டைத் தக்காளியை நறுக்கப் போனார். அவர் வாயை அடைப்பதற்காகவே கணக்கை மேலிருந்து ஓடவிட்டேன். ஒவ்வொரு விடையையும் அடுத்ததற்குத் தொடக்கமாகக் கொடுத்துக்கொண்டே வந்தேன்.

அவர் வைத்த ரசம் ஆறிப்போனது. இறங்கும்போது எலக்ட்ரான்கள் அசைய மறுத்தன. ஏறும்போது உறைந்த புள்ளியைத் தாண்டி வெகுதூரம் கீழே வந்த பிறகுதான் நகர்ந்தன.

"ரெண்டும் ஒத்துப்போவலியே," என்றார் பயந்துபோய். "எங்ககிட்டன்னா இந்த கேஜ் ரிஜெக்ட். நான் ஏதாவது தப்பா சொல்லிட்டனா?"

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. மெல்ல மாறுவதற்கு ஏறவும் இறங்கவும் ஒரே வழிதான். போன வழி ஒன்று, வந்த வழி வேறு என்றால் மாற்றம் சட்டென்று நிகழ்கிறது என்று அர்த்தம். இதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. அவரைக் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் கைடு இரண்டு கோடுகளையும் நெடுநேரம் பார்த்தார். ஆய்வேட்டை எழுத ஆரம்பிக்கலாம் என்றார். பிறகு, இறக்கிப் பார்க்க வேண்டும் என்று எப்படித் தோன்றியது என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர் சொன்னார் சார்."

"அவர் எந்த இன்ஸ்டிடியூட்?"

"ஓசூர்ல ஒரு கம்பெனியில கேஜ் செக் பண்றார் சார்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கைடு பேனாவை மூடி வைத்தார். இனிமேல் எந்தக் கணக்கையும் தன்னிடம் கொண்டுவருமுன் ஒருமுறை அவரிடம் காட்டிவிட்டு வரச் சொன்னார்.