மூன்று மணிக்கும் விரிந்திருந்த பூ

எங்கள் தோட்டத்தில் செடிகொடிகள் இரண்டே வகை. களைக்கொல்லி மருந்து அடிக்க வேண்டியது, அடிக்காமல் விட வேண்டியது. ரந்தா ஊருக்குப் பக்கத்தில், எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் தோட்டம் அது. விட வேண்டிய வகையில் முதல் மரியாதை, ரோட்டோரம் வரிசையாக நட்டிருந்த மஞ்சள் பூச்செடிக்குத்தான். அதன் தேனுக்கு வரும் குளவிகள், செம்பனை ஓலையைத் தின்னும் புழுக்களைத் தீர்த்துவிடுமாம். காலை எட்டு மணிவாக்கில் விரிந்து உச்சி வெயிலுக்குள் மூடிக்கொள்ளும். எட்டு மணிப் பூ என்போம்.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வரிசையில் எங்களுக்கு அடுத்த வீடு மாமாவுடையது. அதன் பின்புறத்திலும் ஒரு மஞ்சள் பூச்செடி இருந்தது. கேமரன் மலைக்குப் போனபோது அத்தை ஒரு கிளையை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து நட்டது. மலைச்செடி இந்த வெக்கையில் எங்கே பிழைக்கப்போகிறது என்றார்கள். செடி பிழைத்துக்கொண்டது. அத்தைதான் மறு வருஷம் காய்ச்சலில் போய்விட்டார். அதன்பின் மாமா யாரோடும் அதிகம் பேசியதில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்ற மட்டும் மறந்ததில்லை.

நான் அப்போது ஐந்தாம் ஆண்டு. பள்ளியில் பூக்களைக் காயவைத்து, குடும்பவாரியாக அட்டையில் ஒட்டிவரச் சொல்லியிருந்தார்கள். நான் இரண்டு மஞ்சள் பூக்களையும் ஒரே கட்டத்தில் ஒட்டிக்கொண்டு போனேன். டீச்சர் பிரித்து ஒட்டச் சொன்னார். அத்தையின் பூ, ஆளி விதை தரும் செடிக்குச் சொந்தமாம். முதலில் அதை ஆளியோடு சேர்த்து லினம் என்ற பேரினத்திலேயே வைத்திருந்தார்களாம். பிறகு ரெயின்வார்ட்டியா என்று பெயர் கொடுத்துத் தனிக்குடித்தனம் அனுப்பிவிட்டார்கள். குடும்பம் மட்டும் அதே ஆளிக் குடும்பம். எட்டு மணிப் பூவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தச் சமயத்தில்தான் புது மேனேஜர், கொசுவும் பாம்பும் சேருகின்றன என்று லயத்தின் பின்பக்கம் முழுவதும் மருந்தடிக்க உத்தரவு போட்டார். எட்டு மணிப் பூ இருந்தால் மட்டும் விட்டுவிடலாம். வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர், முதுகில் மருந்து பம்பு சுமந்த இரண்டு அக்காக்களோடு வீடு வீடாக வந்தார். மாமா செடிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

“இது ரோட்டுல இருக்கிற பூதான்லா, மண்டோர்.”

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மணி மூன்று. ரோட்டில் ஒரு பூகூட விரிந்திருக்கவில்லை. இவர் முதுகுக்குப் பின்னாலோ செடி முழுக்கப் பூவாக இருந்தது.

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகவே முன்னால் போய் ஆளிக் குடும்பத்தில் ஆரம்பித்து, லினத்தில் இருந்தது, பிரிந்தது எல்லாவற்றையும் ஒப்பித்தேன். மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. மண்டோர் நடுவில் குறுக்கிடாமல் முழுக்கக் கேட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து சிவப்பு ரிப்பனை எடுத்து, விட வேண்டிய செடிக்குக் கட்டுவதுபோல் கிளையில் முடிச்சுப் போட்டார்.

“பாப்பா நல்லா படிக்குது,” என்று மாமாவிடம் சொன்னார். அப்புறம் அக்காக்களிடம் திரும்பி, “இது எட்டு மணிப் பூதான். அடுத்த வீட்டுக்குப் போங்க,” என்றார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சரியான விடையைச் சொல்லியும் ஒரு பெரிய மனிதர் தப்பு என்று போட்டுவிட்டாரே. டீச்சரிடம் சொல்லி அவருக்குப் பாடம் நடத்தச் சொல்ல வேண்டும் என்று அம்மாவிடம் புலம்பினேன். அம்மா என் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

அத்தையின் பாடையைத் தூக்கியவர்களில் மண்டோரும் ஒருவர். அது எனக்கு அப்போதே தெரியும். வாசலில் நின்று நானே பார்த்திருக்கிறேன். அதையும் இந்த ரிப்பனையும் ஒரே கட்டத்தில் ஒட்டத்தான் எனக்குத் தெரியவில்லை.